புதிதாகச் சேர்ந்த சபையில் மூத்தவர்களைக் கனம்பண்ணுவது எப்படி?

வேலை மாற்றலாகி வந்திருப்பீர்கள். கல்யாணமாகி வந்திருப்பீர்கள். அல்லது வீட்டில் முதல் ஆளாக விசுவாசத்துக்குள் வந்து, இப்போதுதான் ஒரு சபையில் பெயரைப் பதிந்திருப்பீர்கள். இரண்டு மாதத்தில் ஐயரை, அதாவது சபைப் போதகரை, பழக்கமாகிவிடும், வாலிபர் சங்கச் செயலாளரைப் பழக்கமாகிவிடும், வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிடுவார்கள். முன்வரிசையில் கைத்தடியைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மட்டும் ஒரு ‘ஸ்தோத்திரம்’ சொல்லிவிட்டுக் கடந்துபோய்க்கொண்டே இருப்போம். வருஷத்துக்கு ஒரு நாள் அவருக்குப் பொன்னாடை போடும்போது கைதட்டுவோம்.

அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எனக்குப் பழக்கமானவை அவைதான். கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தேக்காரரோ படித்தால் சில பெயர்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என் கட்சி இது: பெரியவர்களுக்கு எதையாவது கொடுப்பதைவிட, அவர்களிடம் எதையாவது கேட்டு வாங்கிக்கொள்வது பெரிய மரியாதை.

முதலில் யார் யார் என்று பாருங்கள்

வயதானவர் வேறு, நெடுநாள் விசுவாசி வேறு. எழுபத்தைந்து வயதில் போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தவர் இருப்பார். ஐம்பது வயதுதான் ஆகிறது, ஆனால் கல்லூரி முடித்த நாளிலிருந்து ஞாயிறு பள்ளி நடத்துகிற டீச்சர் இருப்பார். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. முதலாமவரின் நரையைப் பார்த்து அவருக்கு எல்லாம் தெரியும் என்று சபை நினைத்துக்கொள்ளும். அவரோ பாமாலையா கீர்த்தனையா, எந்தப் புத்தகத்தில் எந்த எண் என்று புரட்டித் தவித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். டீச்சருக்கு வேண்டியது வேறு. ஒரு ஞாயிறாவது அவருக்கு விடுப்பு கொடுத்து அந்த வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்வது.

ஆட்களை அறிய நல்ல வழி, கோயில் குட்டியாரிடம் கேட்பது. யார் முதல் மணிக்கே வந்து உட்காருகிறார்கள், யார் மூன்று வாரமாக வரவில்லை என்பது மணி அடிக்கிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சபை ஊழியரிடம் குடும்பப் பதிவேடு இருக்கும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்கள் யார் யார்?” வரும் பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட நீளமாக இருக்கும்.

கோயில் சுவரில் பதித்திருக்கும் கற்களைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். மணிக்கூண்டுக்குப் பணம் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். சனிக்கிழமைதோறும் தரையைக் கூட்டித் துடைத்தவர், பீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்துப் பெட்டி போட்டவர், வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி வாங்கி அளந்து கணக்கு எழுதியவர், இவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. பெரும்பாலும் பெண்கள். பிடியரிசி தெரியாதவர்களுக்கு: உலையில் போட எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம் அது. சேர்ந்த அரிசியை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அந்தப் பானையை வீட்டில் வைத்திருந்த ஆச்சிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

எழுந்து நிற்பதும் கூப்பிடுவதும்

“நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து, முதிர்வயதுள்ளவன் முகத்தைக் கனம்பண்ணி” என்று லேவியராகமம் 19:32 சொல்கிறது. வியாக்கியானம் வேண்டாம், அதை அப்படியே செய்யலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் பேச வந்தால் எழுந்து நில்லுங்கள். கையில் போன் இருந்தால் பையில் போடுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த சபைகள் இவை. எத்தனை வயதானாலும் அவர்கள் சார், டீச்சர்தான். தலைமையாசிரியையாக இருந்தவரை முதல் சந்திப்பிலேயே ‘பாட்டி’ என்றால் முகம் சுருங்கும். கடை வைத்திருந்தவர் ‘அண்ணாச்சி’யாக இருப்பார். சந்தேகமாக இருந்தால் முதலில் ‘ஐயா’, ‘அம்மா’ போதும். “எல்லாரும் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்க” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் மகனிடம் “அப்பா நல்லா சாப்பிடுறாங்களா?” என்று கேட்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அவரையே கேளுங்கள். காது மந்தம் என்றால் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் போதும். கத்தினால் பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

உட்காரும் இடம்

பாய் விரித்துத் தரையில், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்த காலத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. பெஞ்சு வந்த பிறகும் அந்த இடம் மாறவில்லை. தூணோரம், ஜன்னலோரம், வாசல் பக்கத்து ஓரம். அங்கே உட்காருவதற்குக் காரணம் இருக்கும். சர்க்கரை இருப்பவர் இடையில் எழுந்து வெளியே போகவேண்டும். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் இன்னொருவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் சில வாரங்கள் நடுவில் உட்கார்ந்து கவனியுங்கள், ஓரங்களை விட்டுவிடுங்கள்.

சத்தம், வெளிச்சம், படி மூன்றையும் ஒரு நோட்டம் விட்டு, தேவையானதைக் கமிட்டியில் ஒருவரிடம் தனியாகச் சொல்லலாம். ஒலிபெருக்கிப் பெட்டியை முன்வரிசைக் காதுக்கு நேராக வைத்திருப்பார்கள். கேள்கருவி போட்டிருப்பவருக்கு அது வேதனை. பாடல் வரிகளைத் திரையில் போடும் சபையில், எண்ணையும் வாய்விட்டுச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள் எடுத்துவிடுவார்கள். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முழங்கால் போட முடியாதவர்களுக்கு ஐயர் கீழே இறங்கி வந்து கொடுப்பது பல சபைகளில் நடக்கிறது. உங்கள் சபையில் இல்லை என்றால் ஐயரிடம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவரிடம் முதலில் கேட்டுவிட்டுக் கேளுங்கள். சிலருக்கு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டாவது பீடத்தருகே போய் முழங்காலிடுவதுதான் முக்கியம். அந்தத் தோள் உங்களுடையதாக இருக்கட்டும்.

வீட்டுக்குப் போகும்போது

இதுதான் மிக முக்கியமான காரியம், பலர் சொதப்புவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரோடு போங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது ஒரு அக்கா இருப்பார்கள். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். பத்துப் பேர் கிதாரோடு போய் இறங்கினால் அந்த வீட்டில் உட்கார நாற்காலி இருக்காது, எல்லாருக்கும் காப்பி போடவேண்டுமே என்ற கவலையிலேயே அம்மா ஜெபத்தைக் கேட்காமல் இருப்பார்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு எப்போதுமே இருவராகப் போவது நல்லது. அது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

போன் பண்ணிவிட்டுப் போங்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம் வேண்டாம். சாயங்காலம் நாலரை, ஐந்து மணி சரியான நேரம். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டால் இரவுச் சாப்பாடும் மாத்திரையும் தள்ளிப்போகாது. அரை மணி நேரம் போதும். மிக்சரும் லட்டும் வாங்கிப்போகாதீர்கள். பாதி வீடுகளில் அதைத் தொடக்கூடாது. நாலு வாழைப்பழமோ கொய்யாவோ போதும், அதுவும் கேட்டுவிட்டு. அவர்கள் தரும் காப்பியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நடுங்காமல் கொண்டுவர அவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். பாதி வழியில் எழுந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குடித்துவிடுங்கள்.

என்ன பேசுவது? நோயிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எந்த டாக்டர், எந்த மாத்திரை என்று தொடங்கினால் அரை மணி நேரமும் அதிலேயே போய்விடும், கடைசியில் உங்கள் மாமாவுக்குப் பலித்த கஷாயத்தையும் சொல்லிவிட்டு வருவீர்கள். மேசைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட வேதாகமம் இருக்கும். “இதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?” என்று கேட்டால் போதும். அவர்களே எடுப்பார்கள். எடுக்கும்போது உள்ளிருந்து ஒவ்வொன்றாக விழும்: யாரோ ஒருவரின் அடக்க ஆராதனைக்கு அச்சடித்த படம் போட்ட அட்டை, காய்ந்த குருத்தோலைத் துண்டு, பேரன் ஞானஸ்நானத்துக்கு வாங்கிய காணிக்கை ரசீது, மருந்துச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அங்கே அவசரப்படாதீர்கள்.

கண் தெரியாதவர் என்றால் நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். அவர்களுடைய புத்தகத்திலிருந்தே வாசியுங்கள். போனில் இருக்கும் புது மொழிபெயர்ப்பு வேண்டாம். 1871-ல் முழுதாக வெளிவந்த பழைய திருப்புதலில்தான் அவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். “முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்” என்று 71-ஆம் சங்கீதத்தை நீங்கள் தொடங்கினால், “என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்” என்று அவர்கள் முடிப்பார்கள். சொல் மாறினால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். நினைவு தப்பத் தொடங்கியவர்கள்கூட, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், பழைய கீர்த்தனையின் பல்லவியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே போகும்முன் ஒரு கீர்த்தனையை ராகம் தப்பாமல் பழகிக்கொண்டு போங்கள்.

ஜெபம் என்று வரும்போது புதியவர்கள் பெரும்பாலும், தாங்கள் ஜெபித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒரு சின்ன மாற்றம் செய்துபாருங்கள். “எனக்காக நீங்க ஜெபிங்க” என்று கேளுங்கள். உங்கள் வேலை, பிள்ளையின் பரீட்சை, வாடகை வீடு, உண்மையான கவலை எதுவோ அதைச் சொல்லுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது “அந்த வீட்டு விஷயம் என்ன ஆச்சு?” என்று அவர்கள் கேட்பார்கள், நீங்களே மறந்திருப்பீர்கள்.

செய்யக்கூடாதவை: படுக்கையில் இருப்பவரைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள், ‘வீட்டு ஜெபம்’ என்று தலைப்புப் போட்டுக்கூட. பிள்ளைகள் ஏன் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஏன் வருவதில்லை என்று துருவாதீர்கள். சொத்து, நகை, வங்கி பற்றி வாயைத் திறக்காதீர்கள். கோயில் கட்டட நிதிக்கு நோட்டை நீட்டவோ எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கவோ இந்தச் சந்திப்பைப் பயன்படுத்தவே கூடாது. அவர்களே உறையில் காணிக்கை கொடுத்தனுப்பினால், ரசீதை அந்த வாரமே கையில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டோடு இருப்பவர் ஆராதனைக்கு வந்து எத்தனை நாளாகிறது என்று மெதுவாக விசாரியுங்கள். திருவிருந்து எடுக்க ஆசை என்று சொன்னால் ஐயரிடம் சொல்லி வீட்டில் கொடுக்க நாள் குறியுங்கள். அன்றைக்கு முன்னதாகப் போய் உதவலாம்: ஒரு சிறிய மேசை, துவைத்த வெள்ளைத் துணி, டி.வி.யை அணைப்பது. விழுங்கக் கஷ்டப்படுபவராக இருந்தால் அதை ஐயரிடம் முன்கூட்டியே காதில் போட்டுவையுங்கள். அப்பத்தைச் சிறிய துணுக்காக்கித் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுப்பார். பெரும்பாலும் அம்மாக்கள் அன்று காலையிலேயே குளித்து வெள்ளைச் சேலை கட்டிக் காத்திருப்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள்.

வேலை கொடுங்கள், கேட்டு வாங்குங்கள்

அப்போஸ்தலர் 21-ல் மினாசோன் என்று ஒருவர் வருகிறார். சீப்புருதீவைச் சேர்ந்த பழைய சீஷன். பவுலும் கூட வந்தவர்களும் எருசலேமில் தங்க அவர் வீடு கிடைத்தது. அவரைப் பற்றி வேதத்தில் இருப்பது அந்த ஒரு வசனந்தான். யாரும் அவருக்கு மாலை போடவில்லை. இடம் கேட்டார்கள், கொடுத்தார். நம் சபைகளில் எழுபது தாண்டினால் எல்லாப் பொறுப்பிலிருந்தும் ‘ஓய்வாக இருங்க’ என்று இறக்கிவிடுகிறோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஓரங்கட்டியது போலத்தான் அவர்களுக்குப் படுகிறது.

என்னவெல்லாம் கேட்கலாம்? குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் நல்ல வாய்ப்பு. பனங்குருத்தை வெட்டிக் கொண்டுவந்து கோயில் திண்ணையில் போட்டிருப்பார்கள். ஈர்க்கை உரித்து, ஓலையை நகத்தால் கீறி, மடித்துச் செருகிச் சிலுவையாக்கும் வித்தை இளையவர்கள் பலருக்குத் தெரியாது. நாற்காலி போட்டு இரண்டு தாத்தாக்களை உட்காரவைத்து, சுற்றி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உட்காரவையுங்கள். ஓலையைத் திருப்பிப் பிடிக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறும். “இந்தா, கட்டைவிரலை எடுக்காத, இப்ப மடி” என்று அவர் சொல்லும்போது அந்தக் கை நடுங்காது.

சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை இன்னொன்று. எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, கறிக்கு எவ்வளவு தேங்காய், மழை வந்தால் அடுப்பை எங்கே மாற்றுவது, இதெல்லாம் போன தலைமுறை ஆட்களின் தலையில்தான் இருக்கிறது. சமையல்காரரைப் பிடித்தாலும், அளவு சொல்ல ஒரு பெரியவரை அண்டாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். கூடவே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பந்தி: முதியவர்களுக்கு முதல் பந்தி, உட்காரத் தரையல்ல, மேசை.

பாட்டும் அவர்களிடம் இருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகதாளத்தோடு வந்தவை. கீபோர்டில் வாசிக்க வசதியாக நாம் அவற்றை நேராக்கிவிட்டோம். பழைய மெட்டு தெரிந்தவர் சபையில் ஒருவராவது இருப்பார். பாடகர் குழுப் பயிற்சிக்கு அவரை ஒரு நாள் அழைத்துப் பாடச்சொல்லி, அவர் பாடுவதை அப்படியே பதிவு செய்யுங்கள். குரல் உடையும், பரவாயில்லை, மெட்டு கிடைத்துவிடும்.

பிள்ளைகளைத் திருவிருந்துக்குத் தயார்ப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு வாரம் ஒரு மூத்தவர் வந்து, தான் எப்படி விசுவாசத்தில் நின்றார் என்று சொல்லலாம். பிரசங்கம் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் ஓடும்! “வேலை போனபோது என்ன செஞ்சீங்க?”, “ஜெபம் கேட்கப்படாத சமயம் உண்டா?” என்று பிள்ளைகளையே கேள்வி எழுதிவரச் சொன்னால் பேச்சு தானாக நேர்வழியில் போகும்.

நடமாட முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. ஐந்து பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இவர்களுக்காக இந்த மாதம் ஜெபியுங்கள் என்று கொடுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர், வெளிநாடு போனவர். மாதக் கடைசியில் என்ன ஆயிற்று என்று போய்ச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் அந்தத் தாள் சம்பிரதாயமாகிவிடும்.

பழைய கதைகள்

முதலூர் 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே ஏற்பட்ட ஊர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற அம்மாள் கட்டிய கோயில் 1785-ஐச் சேர்ந்தது. இந்தச் சங்கதிகள் நூல்களில் இருக்கின்றன. உங்கள் சபையின் கூரை எப்போது ஓலையிலிருந்து ஓடானது, யார் கல் சுமந்தார்கள் என்பது எந்த நூலிலும் இருக்காது. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. அதற்கு முன்பு எங்கள் ஊர் எஸ்.பி.ஜி., உங்கள் ஊர் சி.எம்.எஸ். என்று இரண்டு மிஷன்களாக இருந்ததைப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1964 டிசம்பர்ப் புயலை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பியவர்கள், 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியராக ஆந்திராப் பக்கம் போய் முதுமையில் ஊர் திரும்பியவர்கள், இப்படி ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவர்.

கேட்கும் முறை எளிது. போனில் ஒலிப்பதிவு செய்யலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து “இதில் யார் யார்?” என்று தொடங்குங்கள். ‘உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள்’ என்றால் பலமுறை சொன்ன பழகிய சாட்சிதான் வரும். போட்டோவைக் காட்டினால் புதிதாக வரும். ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். எதிரிலேயே திருத்தவேண்டாம், ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். போட்டோவை வாங்கிப் போனால் நகலெடுத்து மறுநாளே திருப்பிக் கொடுங்கள். எழுதி முடித்ததை வாசித்துக்காட்டாமல் சபை மலரில் போடாதீர்கள். பழைய சண்டை ஏதாவது அதில் இருந்து, அடுத்த வீட்டுக்காரர் படித்தால் பெரியவர் பாடு திண்டாட்டம்.

ஒத்துப்போகாத இடங்கள்

டிரம்ஸ் சத்தம், ஆராதனை நேரம், பெண்பிள்ளைகள் உடை என்று பெரியவர்களோடு உரசல் வரத்தான் செய்யும். “முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல், அவனைத் தகப்பனைப்போலவும்” என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது இளைஞனான ஒரு சபைத் தலைவனுக்கு. அவன் சொல்லவேண்டியதைச் சொல்லக்கூடாது என்று பவுல் தடுக்கவில்லை. சொல்லும் தொனியைத்தான் வரையறுக்கிறார். ஆகவே கமிட்டிக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் மறுத்துப் பேசாமல், வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கேட்டுவிட்டு, “இது என்னால் முடியாது ஐயா” என்று சொல்வதும் மரியாதைக்குள் அடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த பேராயப் பகுதியின்) தேர்தல் காலத்தில் ஒவ்வொரு பெரியவரும் ஓர் அணியில் இருப்பார். பல வருஷத்துக் கோபதாபங்கள் அதில் உண்டு. புதியவர் யார் வீட்டுக்கு எத்தனை தடவை போகிறார் என்று எண்ணுவார்கள். எல்லார் வீட்டுக்கும் போங்கள், ஒருவர் வீட்டில் கேட்டதை இன்னொருவர் வீட்டில் சொல்லாதீர்கள்.

அடுத்தது, “எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்வி. பாதி நேரம் அது உறவு தேடும் அன்பான கேள்வி. மீதி நேரம் சாதி தெரிந்துகொள்ள. சபைக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாததல்ல. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பெரியவர் என்பதற்காக அவருடைய சாதிப் பேச்சுக்குத் தலையாட்டவேண்டியதில்லை. பேச்சை மாற்றுங்கள், தொடர்ந்தால் “அந்தப் பேச்சு வேண்டாம் தாத்தா” என்று தெளிவாகச் சொல்லுங்கள். காப்பி அதற்குப் பிறகும் குடிக்கலாம்.

மூத்தோர் ஞாயிறு நடத்த உங்களைச் சேர்த்தால்

அக்டோபர் 1 ஐ.நா.வின் முதியோர் நாள், அதையொட்டிய ஞாயிறைப் பல சபைகள் எடுத்துக்கொள்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான நாள். எந்த ஞாயிறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். யாரை எந்த ஆட்டோவில் யார் கூட்டிவருவது என்ற பட்டியலைத்தான் முதலில் போடவேண்டும், பொன்னாடை கடைசி. கழிப்பறை சுத்தமாகவும் பிடித்து எழும்பக் கைப்பிடியோடும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். சிறப்பு விருந்தினருக்காக அவர்களைக் காக்கவைக்காதீர்கள். வேதபாடத்தையும் ஜெபத்தையும் அவர்களே ஏறெடுக்கட்டும். சாப்பாடு மிருதுவானதாக, காரம் உப்பு குறைவாக. வர முடியாதவர்களுக்கு அதே மத்தியானம் சூடாக வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும், சாயங்காலம் மிச்சம் இருப்பதல்ல. பொன்னாடை போட்டே ஆகவேண்டுமா என்று கேட்டால், எந்த வீட்டு அலமாரியிலும் அது மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கிறது. ஒரு நல்ல பருத்தித் துண்டோ பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகமோ புழக்கத்தில் இருக்கும்.

மேடைக்கு வரமாட்டேன் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். இரண்டாம் சாமுவேல் 19-ல், தன்னை ஆதரித்த பர்சிலாவைத் தாவீது தன்னோடு எருசலேமுக்கு வரச்சொல்கிறான், அங்கே வைத்துப் பராமரிப்பதாகச் சொல்கிறான். எண்பது வயதுக் கிழவர் மறுக்கிறார்: சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டு காதில் விழவில்லை, ராஜாவுக்கு நான் ஏன் பாரமாக இருக்கவேண்டும், என் ஊரிலே தாய் தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் சாகிறேன். ஆனால் எனக்குப் பதிலாகக் கிம்காமைக் (அவருடைய மகன் என்பார்கள்) கூட்டிக்கொண்டு போம் என்கிறார். தாவீது கட்டாயப்படுத்தவில்லை. முத்தமிட்டு அனுப்பிவிட்டுக் கிம்காமை அழைத்துப் போகிறான். அதே போல, உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டால் நம் பெரியவர்கள் பலர் பேரனுக்கு ஒரு வேலை சொல்லிவிடச் சொல்வார்கள், பேத்திக்குக் கல்லூரி இடம் விசாரிக்கச் சொல்வார்கள். முடிந்தால் அதைச் செய்யுங்கள்.

துணை இழந்த வீடு

அடக்கத்தன்று ஊரே வரும். மூன்றாம் நாள் ஜெபம் வரை உறவுக்காரர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு, ஒரு மாதம் கழித்துத்தான் புதியவரான உங்களுக்கு வேலை வருகிறது. இத்தனை வருஷம் இருவராகக் கோயிலுக்கு வந்தவருக்கு முதல் ஞாயிறு தனியாக உள்ளே நுழைவது பெரும்பாடு. அந்த ஞாயிறு வீட்டுக்கே போய்க் கூட்டிவாருங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் துணைவர் உட்கார்ந்த அதே இடத்தில் வேண்டாம். ஒரு ஆள் இடைவெளி விடுங்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் துக்கம் விசாரிக்கச் சூழ்ந்துகொண்டால், வண்டி காத்திருக்கிறது என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். சமைக்கத் தெரியாத ஆண்கள் என்றால் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை இரண்டு மூன்று வீடுகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண நாள், இறந்த நாள் இரண்டையும் உங்கள் போன் நாட்காட்டியில் போட்டுவையுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அந்த நாளில் ஆட்டோவோடு போய் நின்றால் வருவார்கள்.